மெயிலைத் தடுப்பது சரி, சொல்லிவிட்டுத் தடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கம்பெனி மெயிலில் குப்பை பெருகிவிட்டது என்ற புலம்பல் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் தொடங்கி, கோவை பம்புசெட் தொழிற்சாலைகள், கரூர் ஜவுளி ஏற்றுமதி அலுவலகங்கள், பொள்ளாச்சி தென்னைநார் ஏற்றுமதியாளர்கள் வரை கேட்கிறது. அதற்குச் சொல்லப்படும் வைத்தியமும் எங்கும் ஒன்றுதான்: "அந்த ஐடிய பிளாக் பண்ணி உட்ருங்க." சிஸ்டம் பார்ப்பவர் ஒரு பட்டியலைத் திறந்து அந்த முகவரியைச் சேர்ப்பார். மறுநாள் அதே விளம்பரம் வேறு முகவரியிலிருந்து வந்து நிற்கும்.

அனுப்புபவனுக்கு முகவரி மாற்ற ஒரு நொடி போதும். சில நூறு ரூபாய்க்குப் புது டொமைன் (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) கிடைக்கிறது. நம் பக்கத்திலோ ஒவ்வொன்றாகச் சேர்க்க ஆள் உட்கார வேண்டும். இந்த ஓட்டத்தில் நாம் ஜெயிக்கப் போவதில்லை. அதைவிடப் பெரிய தொல்லை, அவசரத்தில் போட்ட ரூல் நல்ல மெயிலையும் விழுங்குவது. பையர் அனுப்பிய டெக்பேக் (ஆடைத் தயாரிப்பு விவரக் கோப்பு) வரவில்லை, எல்.சி. (வங்கியின் பண உறுதிக் கடிதம்) திருத்தம் வரவில்லை. கேட்டால், 'திங்கட்கிழமையே அனுப்பிவிட்டோமே' என்கிறார்கள். இங்கே இன்பாக்ஸிலும் இல்லை, ஸ்பாம் ஃபோல்டரிலும் இல்லை. இப்படி மாயமான மெயிலைத் தேடிப் போனால் பல நேரம் போய் முட்டுவது நாமே போட்டு மறந்துவிட்ட ரூலில்தான். ஆகவே ரூல் போடுகிறவர்களும், போடச் சொல்லும் முதலாளிகளும் கவனிக்க வேண்டியதை இங்கே எழுதுகிறோம்.

ஒரு மெயிலில் அனுப்புநர் முகவரி இரண்டு இடங்களில் இருக்கிறது. மெயில் போக்குவரத்துக்கான எஸ்.எம்.டி.பி. நெறிமுறை 1982-ல் வெளியான காலத்திலிருந்து இதுதான் ஏற்பாடு. ஒரு சர்வர் இன்னொரு சர்வரின் 25-ஆம் எண் போர்ட்டுக்கு வந்து, 'ஹெலோ' சொல்லித் தன் பெயரைக் கொடுக்கும். அடுத்து 'மெயில் ஃப்ரம்' என்று ஒரு முகவரி. அதற்கடுத்து 'ஆர்.சி.பி.டி. டு' என்று பெறுபவர் முகவரி. பிறகுதான் 'டேட்டா' என்று சொல்லி உள்ளடக்கத்தை இறக்கும். அவுட்லுக்கில் நம் கண்ணுக்குத் தெரியும் 'ஃப்ரம்' வரி இந்த உள்ளடக்கத்துக்குள் இருப்பது. கூரியர் கவரின் மேல் எழுதிய விலாசமும் உள்ளே இருக்கும் லெட்டர்ஹெட்டும் போல, இவை இரண்டும் ஒன்றாக இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. மொத்தமாக விளம்பரம் அனுப்பும் சேவைகளில் கவர் முகவரி ஒவ்வொரு பெறுநருக்கும் வேறு வேறாக, எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட சரமாக இருக்கும். திரையில் தெரியும் முகவரியைப் பார்த்து எழுதி, கவர் முகவரியைச் சோதிக்கும் பட்டியலில் சேர்த்தால் அந்த ரூல் ஒருநாளும் வேலை செய்யாது. 'பிளாக் பண்ணியும் வருதுங்களே' என்பதற்குப் பாதிக் காரணம் இது.

எனவே ரூல் எழுதும் முன், மெயிலின் பயண விவரங்கள் இருக்கும் ஹெட்டரைத் திறந்து பாருங்கள். ஜிமெயிலில் 'ஷோ ஒரிஜினல்'. கணினியில் பதிந்த பழைய அவுட்லுக்கில் மெயிலைத் தனி ஜன்னலில் திறந்து 'ஃபைல்', 'ப்ராபர்ட்டீஸ்', அடியில் 'இன்டர்நெட் ஹெட்டர்ஸ்'. 'ரிட்டர்ன் பாத்' என்ற வரியில் இருப்பது கவர் முகவரி. 'ரிசீவ்ட்' வரிகளை மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டும். மேலே இருப்பது நம் சர்வர் எழுதியது, அதை நம்பலாம். கீழே போகப்போக அனுப்பியவனே கற்பனையாக எழுதியதாகவும் இருக்கலாம். நம் சர்வரோடு பேசிய ஐ.பி. எண் எது என்பதை மேல்வரியிலிருந்து எடுத்துக்கொண்டால் போதும்.

சொந்த சர்வர் வைத்திருப்பவர்களில் பலர் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருளை ஓட்டுகிறார்கள் என்பதால் அதையே எடுத்துக்கொள்வோம். கவர் முகவரியைச் சோதிப்பது 'செக் சென்டர் ஆக்சஸ்' என்ற கட்டுப்பாடு. அது பார்க்கும் கோப்பு சாதாரண டெக்ஸ்ட் கோப்புதான்: இடப்பக்கம் முகவரியோ டொமைனோ, வலப்பக்கம் 'ரிஜெக்ட்' என்ற சொல்லும், விருப்பப்பட்டால் காரணமும். டொமைனை மட்டும் எழுதினால் இயல்பு அமைப்பில் அதன் கிளை டொமைன்களும் சேர்ந்தே அடைபடும். முகவரியே இல்லாத வெற்றுக் கவரைத் தடுக்கும் எண்ணம் மட்டும் வேண்டாம். நாம் அனுப்பியது போய்ச் சேரவில்லை என்று வெளி சர்வர்கள் தெரிவிக்கும் பவுன்ஸ் மெயில்கள் அந்த வெற்று முகவரியில்தான் வரும்.

கோப்பைத் திருத்தியதும், அதைத் தரவுத்தளமாக மாற்றும் 'போஸ்ட்மேப்' கட்டளையை ஓட்ட வேண்டும். அதை மறந்தால் சர்வர் பழைய தரவுத்தளத்தையே படித்துக்கொண்டிருக்கும். தரவுத்தளம் மூலக் கோப்பைவிடப் பழையது என்ற எச்சரிக்கை சர்வரின் பதிவேடான லாகில் வரும், ஆனால் லாகை யார் பார்க்கிறார்கள்? இப்படித் தரவுத்தளமாகும் 'ஹேஷ்' வகைக் கோப்புக்கு ரீலோட் (அமைப்பை மறுபடி படிக்கச் செய்வது) தேவையில்லை, போஸ்ட்மேப் போதும். எழுத்து வடிவத்தை வைத்துப் பொருத்தும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் கோப்புக்கு நேர்மாறு: போஸ்ட்மேப் வேண்டாம், ரீலோட் வேண்டும். போட்ட ரூல் பிடிக்கிறதா என்று பார்க்க நாள்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை. 'போஸ்ட்மேப்'புடன் 'கியூ' என்ற ஆப்ஷனைக் கொடுத்து ஒரு முகவரியைக் கேட்டால், ரூல் இருந்தால் பதில் வரும், இல்லையென்றால் வெறுமையாகத் திரும்பும்.

வரிசை தப்பினால்தான் பெரும் சேதம். கட்டுப்பாடுகள் எழுதிய வரிசையிலேயே சோதிக்கப்படும், முதலில் பொருந்துவது தீர்ப்பு. முக்கியமான பையர் ஒருவரின் டொமைன் தவறிக்கூடத் தடைபடக்கூடாது என்று அதே கோப்பில் அதற்கு 'ஓகே' போட்டு, அந்தச் சோதனையை வெளியாள் நம் சர்வர் வழியாக வேறிடத்துக்கு மெயில் அனுப்பும் 'ரிலே'யைத் தடுக்கும் 'ரிஜெக்ட் அன்ஆத் டெஸ்டினேஷன்' வரிக்கு மேலே, பெறுநர் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்தால் என்ன ஆகும்? அந்தப் பையரின் முகவரியைக் கவரில் எழுதிக்கொண்டு வரும் எவனும் நம் சர்வர் வழியாக உலகம் முழுக்க மெயில் அனுப்பலாம். ஓரிரு நாளில் நம் ஐ.பி. கறுப்புப் பட்டியலில் ஏறி, நம் இன்வாய்ஸே எங்கும் போகாது. போஸ்ட்ஃபிக்ஸ் 2.10 பதிப்பில் ரிலேக்கென்று தனிக் கட்டுப்பாட்டுப் பட்டியல் சேர்க்கப்பட்டதே இந்த விபத்தைத் தவிர்க்கத்தான். பழைய கட்டமைப்பை அப்படியே புது சர்வருக்கு நகலெடுத்தவர்கள் அந்தப் பட்டியல் காலியாக விடப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இனி எங்கள் முக்கியமான முறையீடு. வேண்டாத மெயிலை 'டிஸ்கார்ட்' செய்யாதீர்கள், 'ரிஜெக்ட்' செய்யுங்கள். டிஸ்கார்ட் என்றால் சர்வர் 'வாங்கிக்கொண்டேன்' என்று 250 பதில் கொடுத்துவிட்டுச் சத்தமில்லாமல் கிழித்துப் போடுகிறது. அனுப்பியவரின் லாகில் 'சேர்ந்துவிட்டது' என்று இருக்கும், பெறுபவருக்கோ ஒன்றும் தெரியாது. நல்ல மெயில் தவறி மாட்டினால் இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ரிஜெக்ட் என்றால் வாசலிலேயே 5-ல் தொடங்கும் ஒரு பதில் எண்ணோடு திருப்பி அனுப்புவது. போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாகக் கொடுப்பது 554. அனுப்பியவரின் சர்வர் அவருக்கு உடனே பவுன்ஸ் கொடுக்கும், அவர் போனை எடுத்துக் கேட்பார். காரணம் எழுதும் இடத்தில் 'தடுக்கப்பட்டது' என்று மட்டும் விடாமல் அலுவலகத் தொலைபேசி எண்ணை ஆங்கிலத்தில் எழுதிவையுங்கள். ஹாம்பர்க்கிலிருந்து மெயில் போட்டவருக்கு அந்த ஒரு வரிதான் வழி.

வாசலில் வாங்கிவிட்டுப் பிறகு யோசித்துத் திருப்பி அனுப்புவது இதற்கு ஈடாகாது. மெயிலை முழுக்க ஏற்றுக்கொண்ட பின் நம் சர்வரே பவுன்ஸ் தயாரித்தால், அது கவரில் உள்ள முகவரிக்குப் போகும். ஸ்பாமில் அந்த முகவரி பெரும்பாலும் யாரோ ஒரு அப்பாவியுடையது. அவர் மெயிலே அனுப்பவில்லை, ஆனால் நம்மிடமிருந்து நூற்றுக்கணக்கில் பவுன்ஸ் வாங்குவார். நாம் ஸ்பாமைத் தடுப்பதாக நினைத்துக்கொண்டு ஸ்பாம் அனுப்புபவர்கள் ஆகிவிடுகிறோம். மலிவு விலை ஹோஸ்டிங்கில் சிபேனல் என்ற நிர்வாகப் பலகை வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்: அங்குள்ள 'குளோபல் இமெயில் ஃபில்டர்ஸ்' பகுதியில் 'ஃபெயில் வித் மெசேஜ்' என்று ஒன்று உண்டு. பார்க்க நம் ரிஜெக்ட் போலவே இருக்கும், ஆனால் அது ஏற்றுக்கொண்ட பின் நடப்பது. அங்கே ஸ்பாம் ஃபோல்டருக்கு அனுப்பும் ரூலே உத்தமம். 'கன்டெயின்ஸ்' என்ற ஒப்பீட்டையும் யோசித்துப் போடுங்கள். 'சேல்ஸ்' என்ற சொல் இருந்தால் நீக்கு என்று எழுதினால், சேல்ஸ் என்று தொடங்கும் முகவரி வைத்திருக்கும் அத்தனை சப்ளையரும் காணாமல் போவார்கள்.

புது ரூலை நேரடியாக அமலுக்குக் கொண்டுவர வேண்டிய அவசியமில்லை. கட்டுப்பாட்டுக்கு முன்னால் 'வார்ன் இஃப் ரிஜெக்ட்' என்று சேர்த்தால், தடுத்திருந்தால் எவற்றைத் தடுத்திருக்கும் என்று லாகில் எழுதுமே தவிர, மெயிலை விட்டுவிடும். ஒரு வாரம் ஓடவிட்டுப் பார்த்தால் நம் ரூலின் லட்சணம் தெரிந்துவிடும். 'சாஃப்ட் பவுன்ஸ்' என்று இன்னொன்று இருக்கிறது. நிரந்தர மறுப்புகளைத் தற்காலிக மறுப்புகளாக மாற்றும், அனுப்பும் சர்வர் திரும்பத் திரும்ப முயலும். சர்வர் மாற்றும் நாளில் அது கைகொடுக்கும். ஆனால் அப்படியே விட்டுவிடக் கூடாது. அனுப்பும் பக்கம் போஸ்ட்ஃபிக்ஸ் என்றால் இயல்பாக 5 நாள் வரிசையில் வைத்திருந்து, பிறகுதான் 'போகவில்லை' என்று சொல்லும். ஷிப்மென்ட் வாரத்தில் 5 நாள் என்பது சின்ன விஷயமா?

திரையில் தெரியும் ஃப்ரம் வரியைப் பார்த்துத் தடுக்க 'ஹெட்டர் செக்ஸ்' கோப்பு. இது ஒவ்வொரு ஹெட்டர் வரியாகத் தனித்தனியே பார்க்கும். 'ஃப்ரம் இப்படி இருந்து, சப்ஜெக்ட் அப்படி இருந்தால்' என்று இரண்டைச் சேர்த்துக் கேட்க அதற்குத் தெரியாது. அதற்கு ஆர்ஸ்பாம்டி போன்ற வடிகட்டி வேண்டும். இன்னொரு விநோதம்: இணைப்பாக வரும் மெயிலின் ஹெட்டர்களுக்கும் இயல்பாக இதே ரூல்கள் பொருந்தும். ஊழியர் ஒருவர் ஸ்பாமை இணைப்பாக வைத்து 'இதைப் பாருங்கள்' என்று சிஸ்டம் பிரிவுக்கு அனுப்பினால் அதுவும் தடைபடும். உள்ளிருந்து வெளியே போகும் மெயிலுக்கும் இதே கதிதான்.

ரெகுலர் எக்ஸ்பிரஷனில் புள்ளிக்கு 'ஏதாவது ஒரு எழுத்து' என்று பொருள். 'டாட் டாப்' என்று முடியும் டொமைன்களில் குப்பை அதிகம் என்று புள்ளியும் டாப்பும் மட்டும் எழுதி விட்டால், லேப்டாப், டெஸ்க்டாப் என்று பெயரில் வைத்திருக்கும் கடைகளும் அதில் சிக்கும். புள்ளிக்கு முன் பின்சாய்கோடும், முடிவில் டாலர் குறியும் வேண்டும். ஹெட்டரில் முகவரிக்குப் பின் கோண அடைப்புக்குறி வரும் என்பதால் அங்கே டாலரை நேராக வைத்தால் ரூல் பிடிக்காது, அடைப்புக்குறியையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

நாடு வாரியாகத் தடுப்பது இந்தப் பகுதிக்கு ஒத்துவராத யோசனை என்பது எங்கள் உறுதியான கருத்து. உள்ளூரிலேயே வாங்கி உள்ளூரிலேயே விற்கும் கடைக்கு அது சரிப்படலாம். பையர் போலந்திலும் ஸ்பெயினிலும் இருக்க, நிட்டிங் மெஷின் பாகங்கள் ஜெர்மனியிலிருந்தும் தைவானிலிருந்தும், ஜிப்பும் பட்டனும் சீனாவிலிருந்தும் வர, 'சீன டொமைன் எல்லாவற்றையும் அடை' என்று போடும் ரூல் குப்பையோடு கொட்டேஷனையும் சேர்த்து அடைக்கும். அப்படி மதிப்பிட்டே ஆக வேண்டுமென்றால், அதற்குத் தனித் தடை போடாமல், வடிகட்டி ஒவ்வொரு மெயிலுக்கும் போடும் ஸ்பாம் மதிப்பெண்ணில் ஒன்றிரண்டு கூட்டுங்கள். ஸ்பாம் அசாசின் என்ற வடிகட்டியில் இயல்பு எல்லை 5. ஆர்ஸ்பாம்டியில் 4-ல் தாமதப்படுத்தல், 6-ல் ஸ்பாம் முத்திரை, 15-ல் நிராகரிப்பு. நாட்டுக்கு 1 மதிப்பெண் கூட்டினால் நல்ல மெயில் அதனால் மட்டும் வீழாது.

முகவரிப் பட்டியலைவிடப் பலமடங்கு வேலை செய்வது, இணைக்க வரும் ஐ.பி.யையே பொதுக் கறுப்புப் பட்டியலில் ஒப்பிடுவது. ஸ்பாம்ஹாஸ் அமைப்பின் 'ஜென்' பட்டியல் அதில் பேர்போனது. ஆனால் இதைக் கட்டமைக்கும்போது இரண்டு இடத்தில் கால் இடறும். முதலாவது, கூகுளின் 8.8.8.8 போன்ற பொது டி.என்.எஸ். (டொமைன் பெயருக்கான விவரங்களைத் தேடித் தரும் சேவை) வழியாகக் கேட்டால் ஸ்பாம்ஹாஸ் பதில் தராது. அதற்குப் பதிலாக 127.255.255.254 என்ற பிழை எண்ணைக் கொடுக்கும். எந்த எண் வந்தாலும் 'பட்டியலில் இருக்கிறது' என்று எடுத்துக்கொள்ளும்படி எழுதியிருந்தால், உலகத்திலிருந்து வரும் அத்தனை மெயிலும் ஒரே நேரத்தில் திரும்பிப் போகும். சர்வரிலேயே அன்பவுண்ட் போன்ற சொந்த டி.என்.எஸ். ரிசால்வரை ஓட்டி, 127.0.0.2 முதல் 127.0.0.11 வரை வரும் பதில்களை மட்டும் ஏற்கும்படி வரம்பு கட்டுங்கள். இரண்டாவது, அந்தப் பட்டியலில் வீட்டு பிராட்பேண்ட் ஐ.பி.க்களும் அடக்கம், ஏனென்றால் அவை நேரடியாக 25-ஆம் போர்ட்டுக்கு வரத் தேவையில்லாதவை. இந்தச் சோதனையை ஊழியர்கள் பாஸ்வேர்ட் கொடுத்து அனுப்பும் 587-ஆம் போர்ட்டிலும் வைத்தால், பல்லடத்திலோ பெருந்துறையிலோ வீட்டிலிருந்து வேலை பார்ப்பவரின் மெயில் நம் சர்வரிலேயே தடைபடும்.

கிரேலிஸ்டிங் பற்றி ஒரு வார்த்தை. முன்பின் அறியாத சர்வரை 'பிறகு வா' என்று 4-ல் தொடங்கும் எண்ணோடு சில நிமிடம் திருப்பி அனுப்பும் முறை அது. போஸ்ட்ஃபிக்ஸுடன் இதற்காகச் சேர்க்கும் போஸ்ட்கிரே நிரலில் இயல்பு 300 விநாடி. குப்பை அனுப்பும் மலிவு நிரல்கள் பல திரும்ப வருவதில்லை. ஆனால் ஜி.எஸ்.டி. தளம், வங்கி போன்றவற்றின் ஓ.டி.பி.யை மெயிலில் பெறுபவர்கள் இதைப் போட்டால், மெயில் வந்து சேரும்போது ஓ.டி.பி. செத்திருக்கும். அந்த சர்வர்களுக்கு விலக்கு கொடுத்துவிட்டே போட வேண்டும்.

விலக்கு கொடுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. பையர், வங்கி, அரசுத் தளங்கள் இவற்றின் டொமைன் பெயரை வெறுமனே அனுமதிப் பட்டியலில் போட்டால், மோசடிக்காரன் முதலில் போட்டுக்கொள்ளும் வேஷம் அந்தப் பெயர்தான். வடிகட்டி கண்ணை மூடிக்கொண்டு உள்ளே விடும். ஸ்பாம் அசாசினில் 'ஒயிட்லிஸ்ட் ஃப்ரம்' என்பது பெயரை மட்டும் பார்ப்பது, 'ஒயிட்லிஸ்ட் ஆத்' என்பது அனுப்புநர் நிஜமானவரா என்று பார்க்கும் எஸ்.பி.எஃப். அல்லது டி.கே.ஐ.எம். சோதனை தேறினால்தான் விலக்கு தருவது. 4.0 பதிப்பிலிருந்து இவற்றுக்கு 'வெல்கம்லிஸ்ட்' என்று பெயர் மாறியிருக்கிறது. எப்போதும் இரண்டாவதையே எடுங்கள். கூகுள் ஒர்க்ஸ்பேஸிலும் விலக்குப் பட்டியலில் சேர்க்கும்போது 'அனுப்புநர் சரிபார்ப்பு கட்டாயம்' என்ற பெட்டி இருக்கும், அதை அணைக்காதீர்கள்.

எஸ்.பி.எஃப். என்பது எந்த ஐ.பி.க்கள் தன் பெயரில் அனுப்பலாம் என்று டொமைன்காரர் டி.என்.எஸ்ஸில் எழுதி வைப்பது. அது தோற்றவுடன் அடித்து விரட்டும் ரூல் வேண்டாம். சென்னையிலோ பெங்களூரிலோ உள்ள பையிங் ஆபீஸ் ஒன்று பையரின் மெயிலைத் தானாக நமக்கு ஃபார்வர்டு செய்தால், அது பையிங் ஆபீஸ் ஐ.பி.யிலிருந்து வரும், எஸ்.பி.எஃப். தோற்கும், மெயிலோ நிஜமானது. டி.கே.ஐ.எம். கையெழுத்து மெயிலோடு சேர்ந்தே பயணிப்பதால், வழியில் உள்ளடக்கத்தைத் தொடாதவரை ஃபார்வர்டிலும் நிற்கும். இரண்டில் ஒன்று தேறி, தேறிய டொமைன் திரையில் தெரியும் ஃப்ரம் டொமைனோடு பொருந்தினால் போதும் என்பது டி.மார்க். அந்த டொமைன்காரரே 'தோற்றால் நிராகரி' என்று அறிவித்திருந்தால் நிராகரியுங்கள். 'ஒன்றும் செய்யாதே' என்று வைத்திருந்தால் மதிப்பெண் மட்டும் கூட்டுங்கள். நம் சொந்த டொமைனுக்கு எழுதும் எஸ்.பி.எஃப். பதிவில் டி.என்.எஸ். தேடல் 10-ஐத் தாண்டக் கூடாது. மெயில் சேவை, பில்லிங் மென்பொருள், எச்.ஆர். தளம் என்று சேர்த்துக்கொண்டே போனால் தாண்டிவிடும், தாண்டினால் முழுப் பதிவும் பிழை என்று கணக்கு.

நிஜமான கம்பெனிகள் அனுப்பும் விளம்பர மடல்களுக்கு ரூல் தேவையே இல்லை, விலகும் இணைப்பை அழுத்தினால் போதும். 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த ஜிமெயில், யாகூ விதிகள் மொத்தமாக அனுப்புபவர்களிடம் ஒரே கிளிக்கில் விலகும் வசதியைக் கேட்கின்றன. முன்பின் தெரியாத குப்பையில் மட்டும் அந்த இணைப்பைத் தொடாதீர்கள், 'இந்த முகவரியில் ஆள் இருக்கிறது' என்று உறுதிப்படுத்தியது ஆகும். 1909-க்குச் சொல்லி டி.என்.டி. (தொல்லை வேண்டாம் என்ற பதிவு) போட்டேன், மெயில் நிற்கவில்லையே என்று கேட்பவர்களும் உண்டு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் அந்த ஏற்பாடு அழைப்புக்கும் எஸ்.எம்.எஸ்ஸுக்கும்தான். மின்னஞ்சல் குப்பைக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. தொல்லை மெயிலையும் தொட்டுச் சென்ற தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015-ல் ரத்து செய்தது. அந்தப் பிரிவு பயன்பட்ட விதத்தைப் பார்த்தவர்கள் அதற்காக வருந்த மாட்டார்கள்.

சொந்த சர்வர் இல்லாதவர்களுக்கு: கூகுள் ஒர்க்ஸ்பேஸில் அட்மின் கன்சோல், 'ஆப்ஸ்', 'ஜிமெயில்', 'ஸ்பாம், ஃபிஷிங் அண்ட் மால்வேர்' பகுதிக்குள் 'பிளாக்டு சென்டர்ஸ்'. மாற்றம் பரவ 24 மணி நேரம் வரை ஆகலாம், போட்ட உடனே பிடிக்கவில்லை என்று நான்கு முறை திருத்தாதீர்கள். நிராகரிப்புச் செய்தியை நாமே எழுதலாம், எழுதுங்கள். மைக்ரோசாஃப்ட் 365-ல் டிஃபெண்டர் தளத்திலுள்ள 'டெனன்ட் அலவ் பிளாக் லிஸ்ட்'. இதில் இரண்டு சங்கதி பலருக்குத் தெரிவதில்லை. தடை இயல்பாக 30 நாளில் காலாவதியாகும், நிரந்தரம் வேண்டுமென்றால் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அடுத்தது, தடை செய்த டொமைனுக்கு நம் ஆட்களாலும் மெயில் அனுப்ப முடியாது, 5.7.703 என்ற எண்ணோடு திரும்பி வரும். ஒரு சப்ளையரின் விளம்பரத் தொல்லை தாங்காமல் அவர் டொமைனையே தடுத்துவிட்டு, பிறகு 'பர்ச்சேஸ் ஆர்டர் போக மாட்டேங்குது' என்று தேடுவது இதனால்தான்.

கடைசியாக, எந்தப் பட்டியலிலும் சிக்காத ஒன்று. பையரின் டொமைனில் 'எம்' எழுத்து இருக்குமிடத்தில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டிப் போட்டுப் புது டொமைன் வாங்கி, அதற்கு முறையாக எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். எல்லாம் அமைத்து, 'வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று எழுதுவார்கள். டி.மார்க் தேறிவிடும், ஏனென்றால் அந்த டொமைனுக்கு அது நிஜமான மெயில்தான். பணப் பரிமாற்றம் உள்ள முக்கியமான டொமைன்களுக்கு இப்படித் திரிக்கக்கூடிய வடிவங்களை முன்கூட்டியே ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன் கோப்பில் எழுதி, நிராகரிக்காமல் நிறுத்திவைக்கும் 'ஹோல்ட்' நடவடிக்கை கொடுக்கலாம். முதலாளியின் பெயரை மட்டும் போட்டு ஏதோ ஒரு இலவச முகவரியிலிருந்து வரும் மெயிலுக்கும், பெயரும் டொமைனும் பொருந்தவில்லை என்றால் சப்ஜெக்டில் எச்சரிக்கை சேர்க்கும் ரூல் உதவும். முதலாளி நிஜமாகவே சொந்த ஜிமெயிலிலிருந்து எழுதும் பழக்கமுள்ளவர் என்றால் அந்த ஒரு முகவரிக்கு விலக்கு வேண்டும், இல்லாவிட்டால் முதல் நாளே ரூலை எடுக்கச் சொல்லிவிடுவார். கணக்கு எண் மாற்றத்தை, ஏற்கெனவே நம்மிடம் உள்ள எண்ணில் போன் செய்து உறுதிசெய்யாமல் எந்த வடிகட்டியை நம்பியும் பணம் அனுப்பக் கூடாது.

பாஸ்வேர்ட் திருடிப்போன மெயில் பெட்டியில் ரூலைத் திருடனே போட்டிருப்பான் என்பதையும் நிர்வாகிகள் நினைவில் வையுங்கள். 'இன்வாய்ஸ்', 'பேமென்ட்' என்ற சொற்கள் உள்ள மெயில்களை 'ஆர்.எஸ்.எஸ். ஃபீட்ஸ்' போன்ற யாரும் திறக்காத ஃபோல்டருக்குத் தள்ளுவது, அல்லது வெளி முகவரிக்குத் தானாக ஃபார்வர்டு செய்வது அவர்கள் கைவரிசை. பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த ரூல் அப்படியே இருக்கும். அக்கவுன்ட்ஸ், மெர்ச்சண்டைசிங் பிரிவினரின் இன்பாக்ஸ் ரூல்களை மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள், வெளியே தானாக ஃபார்வர்டு ஆவதை நிர்வாக அளவிலேயே மூடுங்கள். சர்வர் லாகை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவு. பல லினக்ஸ் சர்வர்களில் இயல்பு அமைப்பு சில வாரங்களிலேயே பழைய லாகை அழித்துவிடும், 'லாக்ரொட்டேட்' கோப்பில் மாற்றிவிடுங்கள். பணம் நம் கணக்கிலிருந்து போயிருந்தால் உடனே வங்கிக்கும் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கும் சொல்ல வேண்டும். பையர் அனுப்பிய பணம் திசைமாறியிருந்தால் அதைத் திரும்பக் கோர வேண்டியது அவருடைய வங்கி, அவரை நாம் எழுப்பிச் சொன்னாலும் தப்பில்லை. அப்போது அந்த மெயிலை ஃபார்வர்டு செய்து அனுப்பாதீர்கள், ஹெட்டர் மாறிவிடும். மூல மெயிலைக் கோப்பாகச் சேமித்து இணைத்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மெயில் சர்வர் பராமரிப்புப் பணியில் உள்ளோர் சிலர்,
கோவை, திருப்பூர்.